யாருக்காகப் படம்?

(மாணவர் கூட்டமொன்றில் நாம் பேசியதன் சாரம்)



பாம்புக்கடிக்கு மந்திரிப்பதைப் பற்றிப் பத்து நிமிஷத்தில் ஒரு குறும்படம் எடுக்கப் போவதாகவும், அதற்கு நாம் யோசனை சொல்ல வேண்டுமென்றும் இம்மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். சினிமாவின்மேல் நமக்குப் பெரிய மதிப்பு கிடையாது. புராணப் புளுகைப் பரப்புவதற்கும், பெண்ணை அடிமையாகவே வைத்திருப்பதற்கும் அது செய்திருக்கிற தொண்டு கொஞ்சமல்ல. ஆனாலும் கத்தி திருடன் கையில் இருக்கிறது என்பதற்காக நாம் காய்கறி நறுக்காமல் இருந்துவிடுகிறோமா?

விஷயமோ மிகப் பெரியது. 2000 முதல் 2019 வரை இந்த நாட்டில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர், என்று 2020-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்குக் காட்டிற்று. பெரும்பாலும் கிராமத்து மக்கள், பெரும்பாலும் மழைக்காலம். இத்தனைக்கும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் மாற்று மருந்து இருக்கிறது. அந்த மருந்து செய்வதற்கு வேண்டிய விஷத்தை, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருளர் தோழர்கள் 1978-ல் ஏற்படுத்திய கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் எடுத்துக் கொடுத்து வருகிறார்கள். மருந்து இருந்தும் சாகிறார்கள் என்றால், ஏன் என்று கேட்க வேண்டாமா?

மாணவர்கள் எழுதிய கதையை நமக்குப் படித்துக் காட்டினார்கள். மந்திரவாதி ஒரு கோமாளி. அவனை நம்பியவன் ஒரு மடையன். கடைசியில் டாக்டர் வந்து மூன்று நிமிஷம் உபதேசம் செய்கிறார். படிக்கும்போது கல்லூரித் தோழர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவருக்காவது பாம்பு கடித்தால் மந்திரவாதியிடம் போகிற எண்ணம் உண்டா? கிடையாது. அப்படியானால் இந்தப் படம் யாருக்கு? போகிறவனுக்குத்தானே! அவனை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றோம்.

கேட்டோம் என்றார்கள். என்ன கேட்டீர்கள் என்றால், "பாம்பு கடித்தால் மந்திரிப்பது மூடத்தனம் அல்லவா?" என்று கேட்டார்களாம். எல்லோரும் ஆமாம் என்றார்களாம். கால்சட்டை போட்ட படித்த பிள்ளை வந்து இப்படிக் கேட்டால், யார்தான் இல்லை என்பார்கள்? பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டுப் பிறகு அதை எடுத்துக் காட்டுவது ஜோசியன் வேலை.

எத்தனை பேரைக் கேட்டோம் என்பதிலும் ஏமாந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் 1936-ல் ஜனாதிபதி தேர்தல் வந்தபோது, லிட்டரரி டைஜஸ்ட் என்னும் வாரப் பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட பதில்களை வாங்கி, லாண்டன்தான் ஜெயிப்பார் என்று எழுதிற்று. நடந்தது என்ன? ரூஸ்வெல்ட் 48 ராஜ்யங்களில் 46-ல் ஜெயித்தார். பத்திரிகை பெரும்பாலும் டெலிபோன் வைத்திருப்பவர்கள், மோட்டார் வைத்திருப்பவர்கள் ஜாபிதாக்களிலிருந்து பெயர்களை எடுத்தது. கஞ்சிக்கில்லாதவனுக்கு டெலிபோன் ஏது? சீட்டு அனுப்பியும் பதில் போடாதவர்கள் வேறு அத்தனை பேர். அதே தேர்தலில் மிகக் குறைந்த பேரை, ஆனால் எல்லா வகுப்பிலும் பொறுக்கிக் கேட்ட காலப் என்பவர் சரியாகச் சொன்னார். பின்னால் 1940-ஆம் ஆண்டுகளில் ஹாலிவுட் முதலாளிகள் எந்தக் கதைக்குக் கூட்டம் வரும் என்று அறிய அவரிடமே போனார்கள். அவர்கள் பணப்பைக்காகப் போனார்கள் என்பது வேறு சங்கதி.

கேட்கிற வேளையும் முக்கியம். ஆர்சன் வெல்ஸ் என்பவர் எடுத்த 'மாக்னிபிசண்ட் ஆம்பர்சன்ஸ்' என்னும் சோகப் படத்தை, 1942 மார்ச்சில் பொமோனா என்ற ஊரில், ஆட்டமும் பாட்டுமான வேறொரு படம் பார்க்க வந்த கூட்டத்துக்கு, அது முடிந்த கையோடு போட்டுக் காட்டினார்கள். கூட்டம் பரிகாசம் செய்தது. கம்பெனி பயந்து போய் 40 நிமிஷத்துக்கு மேல் வெட்டிவிட்டது. வெட்டியதைப் பத்திரப்படுத்தக்கூட இல்லை. கலியாண வீட்டில் போய் எழவுச் சேதி சொன்னால் இப்படித்தான் ஆகும்.

நிற்க, எப்படிக் கேட்பது? அபிப்பிராயத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள் என்றோம். உங்கள் தெருவில் கடைசியாக யாரைக் கடித்தது? எத்தனை மணிக்கு? முதலில் யார் என்ன சொன்னார்கள்? எங்கே தூக்கிக் கொண்டு போனீர்கள்? எதில்? வாடகை எவ்வளவு? இப்படிக் கேட்டுக்கொண்டு ஒரு சிற்றூருக்கு மறுபடியும் போய் வந்த பிறகு இவர்கள் முகமே மாறிவிட்டது. மந்திரத்தின்மேல் பக்தியால் போனதாக அங்கே சொன்னவர்கள் சிலர்தான். "ராத்திரி, வண்டி வரும்வரை சும்மா எப்படி உட்கார்ந்திருப்பது? அதற்குள் ஒரு தரம் மந்திரித்து வைக்கலாம் என்று பெரியம்மா சொன்னார்கள்" என்பதே பலர் பதில். ஆக, மந்திரவாதி பிழைப்பது வேதத்தாலல்ல, அந்தக் காத்திருக்கிற அரைமணியால். கடித்தவற்றில் பல விஷமில்லாத பாம்பு. விஷப் பாம்பே ஆனாலும் சில சமயம் விஷம் இறங்குவதில்லை. பிழைத்தவன் மந்திரவாதி கணக்கில். செத்தவன் விதியின் கணக்கில்!

இப்போது கதை தானாகவே வந்துவிட்டதல்லவா? படம் அந்த அரைமணியைக் காட்டட்டும். முடிவு செய்கிறவள் பெரியம்மா. ஆகவே பேச வேண்டியது அவளோடு. அவளை மடச்சியாக்கினால் அந்த நிமிஷமே எழுந்து போய்விடுவாள். கடிபட்ட காலை ஆடாமல் வைப்பது, கயிறு போட்டு இறுக்காதது, கீறாதது, 108-க்குச் சொல்வது, மருந்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைப்பது ஆகிய இவ்வளவும் அவள் வாயாலேயே வரட்டும். டாக்டர் உபதேசம் வேண்டியதில்லை. பார்க்கிறவர்கள் டீக்கடைச் சத்தத்தில் கைப்பேசியில் பார்ப்பார்களென்றால், வசனத்தைக் குறைத்துச் செய்கையைக் கூட்டுங்கள்.

ஒரு தோழர், "மக்களைக் கேட்டுப் படமெடுத்தால் அவர்கள் சாமி ஆடுவதைத்தானே கேட்பார்கள்?" என்று ஆட்சேபித்தார். எதைச் சொல்வது என்று நாம் யாரையும் கேட்கவில்லை. அது நம் கொள்கை. எப்படிச் சொன்னால் காதில் ஏறும் என்பதையே கேட்கிறோம். வைத்தியன் நோயாளியை எங்கே வலிக்கிறது என்று கேட்பான். என்ன மருந்து கொடுக்கட்டும் என்று கேட்பானா?

படத்தை ஒருவாறு வெட்டி ஒட்டியதும் அதே ஊருக்குக் கொண்டு போங்கள். முன்னுரை சொல்லாதீர்கள். பின்னால் உட்கார்ந்து, எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறார்கள் என்று குறித்துக் கொள்ளுங்கள். முடிந்ததும் "நன்றாயிருக்கிறதா?" என்று கேட்காமல், "கதையைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மந்திரவாதியின் கூத்தை மட்டும் சொன்னார்களானால், அந்தக் கூத்து உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் வெட்ட வேண்டியதுதான். நமக்குப் பிடிக்காத பதிலையும் அப்படியே எழுதி வையுங்கள்.

பெண்களிடம் பெண்களே போய்க் கேட்டால்தான் பேச்சு வரும். அதற்கு இரண்டு பெண் தோழர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இருவர் வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கேள்வித்தாளை எழுதிக் கொண்டுவந்தால், சேர்ந்து உட்கார்ந்து திருத்தலாம்.