லே எவ்வளவு தூரம்?



லே என்பது நம் நாட்டின் வடகோடியில், லடாக்கில் உள்ள ஊர். சுற்றிலும் மலை. மேற்கே காஷ்மீரில் ஸ்ரீநகர். இரண்டு ஊரிலும் விமான நிலையம் உண்டு. நடுவே எவ்வளவு தூரம்?

இதற்கு இரண்டு பதில். சாலை வழியே 400 கிலோமீட்டருக்கு மேல். மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும் சாலை அது. பேருந்தில் போகிறவர்கள் வழியில் கார்கிலில் இரவு தங்குவார்கள். மறுநாள்தான் லே போய்ச் சேருவார்கள். ஆகாயத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 256 கிலோமீட்டர்தான்.

பெரிய விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 நிமிடம்கூட ஆகக் கூடாது. ஆனால் பயண நேரம் ஏறக்குறைய ஒரு மணி என்கிறார்கள். ஏன்?

விமானம் புறப்பட்டவுடன் அந்த வேகம் வராது. முதலில் தரையில் மெல்ல ஓட வேண்டும். பிறகு மலைகளுக்கு மேலே ஏற வேண்டும். இறங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். லே விமான நிலையம் மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் இருக்கிறது. விமானி ஓடுபாதையைக் கண்ணால் பார்த்துப் பார்த்து இறக்குகிறார். இத்தனை நேரமும் கணக்கில் சேரும்.

பிற்பகலில் அங்கே காற்று பலமாக வீசும். அதனால் பெரும்பாலும் காலையிலேயே விமானங்கள் வந்து போகும்.

1948 மே 24இல் லேயில் முதல் விமானம் இறங்கியது. ஓட்டி வந்தவர் மெஹர் சிங். கூட வந்தவர் தளபதி திம்மய்யா. சிந்து நதிக் கரையில் மணலைச் சமன் செய்து ஓடுபாதை போட்டவர் லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் நோர்பு.

பனிக்காலத்தில் ஸ்ரீநகர் சாலை மூடிவிடும். சோஜி லா என்ற கணவாயில் பனி மலைபோல் குவியும். முன்பெல்லாம் மாதக்கணக்கில் வழி இருக்காது. இப்போது இயந்திரங்களை வைத்துப் பனியைத் தள்ளுகிறார்கள். 2025இல் 32 நாளில் திறந்துவிட்டார்கள். தெற்கே மணாலிக்குப் போகும் சாலையும் பனியில் மூடும். அப்போது நோயாளியை வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விமானம்தான் வழி. மேகம் இறங்கினால் அதுவும் வராது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் காத்திருக்க நேரும்.

இன்னொன்றும் உண்டு. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லே விமான நிலையம் 3,256 மீட்டர். அங்கே காற்று மெலிந்திருக்கும். சாலையில் போகிறவர் உடம்புக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். விமானத்தில் போகிறவர் உடம்புக்கு அந்த அவகாசம் இல்லை. தலைவலி, வாந்தி வரலாம். ஆகவே இறங்கியதும் ஓடியாட வேண்டாம். இரண்டு நாள் ஓய்வு எடுக்க வேண்டும். மூச்சு வாங்கினால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். லே ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும்.