பக்கத்து மேஜை

(கிளைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த மாதம் நம் ஹாலில் ராணுவ ஆஸ்பத்திரிக்காக ரத்த தான முகாம் நடக்கப் போகிறது. அதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். ரத்தம் கொடுப்பவர்களைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அவர்களுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நம்பர் எழுதுகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். நான் முதலில் உட்கார்ந்தது அந்த மேஜையில்தான். ஒரு பெரிய தப்பைச் செய்ததும் அங்கேதான்.

1971-ல் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, தில்லியில் மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கரோல் பாகில் நாலு பேர் ஓர் அறையில் இருந்தோம். டிசம்பர் 3-ம் தேதி சாயங்காலம் யுத்தம் ஆரம்பித்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். இரண்டு மூன்று நாளில் எங்கள் ஆபீஸ் வளாகத்துக்கு ராணுவ மருத்துவக் குழு ஒன்று ரத்தம் சேகரிக்க வந்தது. வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. நானும் ஒரு மணி நேரம் நின்றேன். எடை பார்க்கிற மெஷினில் ஏறினால் 43 கிலோ. 45 இருந்தால்தான் எடுப்பார்கள். "போய் நன்றாகச் சாப்பிடு" என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். மெஸ் சாப்பாட்டில் அதற்கு மேல் எப்படி ஏறும்?

திரும்பிப் போக வெட்கமாக இருந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். இருந்தது. மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

வேலை இதுதான். அப்போது ரத்தத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுப்பார்கள். கொடுப்பவரின் அட்டை, பாட்டில், பரிசோதனைக்காகத் தனியே பிடிக்கும் சிறு குழாய் ஆகிய மூன்றிலும் ஒரே நம்பர் இருக்க வேண்டும். எந்தப் பிரிவு, நோய் உண்டா என்பதையெல்லாம் குழாயில் இருக்கும் ரத்தத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். அதன் முடிவைப் பாட்டில்மேல் ஒட்டுவார்கள். குழாயும் பாட்டிலும் ஒருவருடையதாக இல்லாவிட்டால் அந்த முடிவுக்கு அர்த்தமே இல்லை.

அர்த்தமில்லை என்பதோடு போகாது. 1901-ல் வியன்னாவில் லான்ட்ஸ்டைனர் கண்டுபிடித்த விஷயம் இது. இதற்காக 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 'ஏ' பிரிவுக்காரர் உடம்பில் 'பி' பிரிவை எதிர்க்கும் பொருள் பிறவியிலிருந்தோ என்னவோ என்று சொல்லும்படி சிறு வயதிலேயே உண்டாகிவிடுகிறது. அவருக்கு 'பி' ரத்தத்தை ஏற்றினால், வந்த சிவப்பணுக்கள் உள்ளேயே உடையும். சிறுநீரகம் கெடும், உயிரும் போகலாம். குண்டடி பட்டுப் பிழைத்து வந்தவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்துப் போவான்.

இது எனக்குப் பாடத்தில் தெரியும். தெரிந்தும் மத்தியானம் கூட்டம் நெருக்கியபோது, ஒரு பாட்டிலில் 64 என்று எழுதிவிட்டு, அதன் குழாயில் 65 என்று எழுதினேன். அடுத்தவருடையதில் அதுவே மாறிப்போயிற்று. ஐஸ் பெட்டியில் அடுக்குவதற்கு முன்னால் ஒரு ஹவில்தார் ஒவ்வொரு நம்பரையும் உரக்கப் படித்துக்கொண்டு வந்தார். பாட்டிலையும் குழாயையும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். மேஜர் பதவியில் இருந்த டாக்டர் வந்தார். எது யாருடையது என்று என்னைக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாட்டிலைத் திறந்து மறுபடி மாதிரி எடுத்தால் கிருமி புகுந்துவிடும். இரண்டையும் ஒதுக்கிவிடச் சொன்னார். கோபிக்கவில்லை. "இனிமேல் ஒருவருடையதை முடித்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைத் தொடு" என்று மட்டும் சொன்னார்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் எங்கள் செக்ஷன் ப்யூன். அரை மணி கழித்து டீ டம்ளரோடு என் மேஜைக்கு வந்து, "என் ரத்தம் எந்த ஃப்ரண்டுக்குப் போகும் சாப்?" என்று ஆசையாகக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதிக்கொண்டிருந்தேன். அன்று இரவு அறையில் மற்ற மூன்று பேரிடமும் நானும் ரத்தம் கொடுத்தேன் என்று பொய் சொன்னேன். கொடுத்தவர்களுக்கு வைத்திருந்த வாழைப்பழத்தில் ஒன்றை ஏற்கெனவே சாப்பிட்டிருந்தேன். ப்யூனிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. அவர் ரிடையர் ஆகி ஊருக்குப் போய்விட்டார்.

அந்த யுத்தம் 16-ம் தேதி முடிந்தது. மறு வாரம் அதே குழு வந்தபோது வரிசையே இல்லை. அடிபட்டவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அவர்களுக்கு ஆபரேஷன்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. அந்தக் காலத்துப் பாட்டில் ரத்தம் 21 நாள்தான் தாங்கும். ஒரே நாளில் ஆயிரம் பேர் கொடுத்தாலும் நாலாவது வாரத்துக்கு உதவாது. இப்போது பிளாஸ்டிக் பையில் முழு ரத்தம் 35 நாள், தனியே பிரித்த சிவப்பணு 42 நாள். தட்டணுக்கள் ஐந்தே நாள்தான். அதனால் சமாதான காலத்தில் மாதாமாதம் ஆள் சேர்க்கிறவர் வேண்டியிருக்கிறது. தில்லி கன்டோன்மென்டில் முப்படைகளுக்கான ரத்த மாற்று மையம் இருக்கிறது. அங்கே வருகிற தேவையில் பெரும்பகுதிக்கும் யுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. சிப்பாய்க்கு விபத்து, அவர் மனைவிக்குப் பிரசவம், குழந்தைக்குப் புற்றுநோய் என்று நம் வீட்டுக் கஷ்டங்கள்தான்.

கூட இருப்பவர்களின் கதை பழையது. முதல் உலக யுத்தத்தில், 1917 நவம்பரில், பிரான்ஸில் காம்ப்ரே போரின்போது ஆஸ்வால்ட் ராபர்ட்ஸன் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர், சிட்ரேட் கலந்த ரத்தத்தை முன்கூட்டியே எடுத்து, வெடிமருந்துப் பெட்டிகளில் ஐஸ் வைத்துப் பாதுகாத்து, அடிபட்டவர்களுக்குக் கொடுத்தார். யுத்தகளத்தின் முதல் ரத்த வங்கி அது என்று சொல்வார்கள். இரண்டாம் யுத்தத்தில் பிரிட்டிஷ் ராணுவம் பிரிஸ்டல் நகரில் பெரிய ரத்தக் கிடங்கு ஒன்றை நடத்தியது. அதன் தலைவர் லயனல் விட்பி, முதல் யுத்தத்தில் ஒரு காலை இழந்தவர். கொடுத்தவர்கள் சுற்றுவட்டாரத்து சாதாரண ஜனங்கள். 1944-ல் நார்மண்டியில் இறங்கிய படைக்கு அங்கிருந்து விமானத்தில் ரத்தம் போயிற்று.

எனக்கு மிகவும் பிடித்தவர் ராணுவத்தைச் சேர்ந்தவர் இல்லை. லண்டனில் பெர்ஸி ஆலிவர் என்பவர், நம்மைப் போல ஓர் ஆபீஸ் உத்தியோகஸ்தர், நகரசபையில் வேலை. 1921-ல் ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாக ஆள் கேட்டு அழைப்பு வந்தது. அதன்பின், கூப்பிட்டால் வந்து கொடுக்கக்கூடியவர்களின் பெயர், பிரிவு எல்லாவற்றையும் அட்டையில் எழுதித் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். டெலிஃபோன் வந்தால் அவரோ அவர் மனைவியோ ஆளை அனுப்பிவைப்பார்கள். அடுத்த யுத்தம் வந்தபோது, தானே முன்வந்து ரத்தம் கொடுப்பது அந்த நாட்டு ஜனங்களுக்குப் புதிதாக இல்லை.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு உண்டு. கல்யாணமானபின் என் எடை கூடியது. 1976-ல் முதல் தடவையாகக் கொடுத்தேன். "உனக்கே உடம்பில் ரத்தம் இல்லை, ஊருக்கு எங்கிருந்து கொடுப்பாய்?" என்று அம்மா கடுதாசி எழுதினாள். மொத்தம் 23 தடவை கொடுத்தேன். அதற்குப் பிறகு பிளட் பிரஷர் மாத்திரை, வயசு இரண்டும் சேர்ந்து நிறுத்திவிட்டன. திரும்பவும் மேஜைக்கு வந்தேன். மற்ற வீடுகளில் ஜாதக நோட்டு இருக்கும், எங்கள் வீட்டில் ரத்தப் பிரிவு நோட்டு. ஃபோனை எடுப்பது என் சம்சாரம். ராத்திரி பதினோரு மணிக்கு 'பி' நெகடிவ் வேண்டும் என்று கூப்பிட்டால், யாரை எழுப்பலாம், யார் மனைவி கோபித்துக்கொள்வாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

போன மாதம் அந்த நோட்டைச் சரிபார்த்தோம். 112 பேரில் 31 பேர் வெளியூர் அல்லது அமெரிக்கா. 14 பேருக்கு வயசு 65-ஐத் தாண்டிவிட்டது. ஒன்பது நம்பர்களில் வேறு யாரோ எடுத்தார்கள். இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், எங்களுக்குத் தெரியவே இல்லை. சரிபார்க்காத நோட்டை நம்பி ராத்திரியில் உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. உங்கள் ஊர்க் கிளையில் இப்படிப் பட்டியல் இருந்தால், எப்போது எழுதியது என்று தேதியைப் பாருங்கள்.

அடுத்த மாத முகாமுக்கு 18 வயது முடிந்த பேரன் பேத்திகளை அழைத்து வாருங்கள். முதல் தடவை கொடுப்பவருக்கு 60 வயதுக்குள் இருக்க வேண்டும். எடை, ஹீமோகுளோபின் எல்லாம் அங்கேயே பார்ப்பார்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும், வெறும் வயிற்றோடு வேண்டாம். இந்தக் காலத்தில் பார்கோடு ஸ்டிக்கர் வந்துவிட்டது. ஆனாலும் ஒருவர் படிக்க, இன்னொருவர் பார்த்து 'சரி' சொல்ல வேண்டும். அந்த மேஜைக்கு இரண்டு பேர் போதாது, நாலு பேர் வேண்டும், மணிக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்ள. வயசானவர்கள் தாராளமாக வரலாம். மூக்குக் கண்ணாடியை மறக்காமல் கொண்டு வாருங்கள்.