நூறு பேரில் எத்தனை பேர்?

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் பேசியது. பலகையில் போட்டுக் காட்டிய கணக்குகளையும் சேர்த்து எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் பேச அழைத்தபோது தலைப்பு கேட்டார். "நிகழ்தகவு" என்றேன். "சார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அந்தத் தலைப்புக்கு யாரும் வரமாட்டார்கள்" என்றார். 23 பேர் வந்திருக்கிறீர்கள். சுண்டலுக்காக வந்தவர்களைக் கழித்தாலும் கணிசமான கூட்டம்தான்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மாத்திரை சாப்பிடலாம், எதை நிறுத்தலாம் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். சதவீதம் என்று ஒன்று கண்ணில் பட்டால் அதை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்கிறேன். இப்போது அதற்கு ஒரு அவசரமும் இருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. 60 வயது தாண்டிய எல்லோருக்கும் சங்க நிதியிலிருந்து முழு உடல் பரிசோதனை பேக்கேஜ், 64 பரிசோதனைகள், தலைக்கு 1,200 ரூபாய். கையைத் தூக்குவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் கூட்டல். போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்ட் வந்தது. இந்தியாவில் இத்தனை சதவீதம் சர்க்கரை, இத்தனை சதவீதம் ரத்த அழுத்தம் என்று அடுக்கி, கடைசியில் "பாதிப் பேர் நோயாளிகள்" என்று முடித்திருந்தார்கள். எண்கள் பொய்யில்லை. ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நாடு முழுக்க 1,13,043 பேரைப் பரிசோதித்த பெரிய ஆய்வு, 2023-ல் வெளிவந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் சர்க்கரை நோய் 11.4 சதவீதம், அதற்கு முந்தைய நிலை 15.3, ரத்த அழுத்தம் 35.5. இதில் சர்க்கரையையும் அதன் முந்தைய நிலையையும் கூட்டலாம். ஒரே ஆள் இரண்டிலும் இருக்க முடியாது. 26.7 வரும், அது சரி. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் அப்படிக் கூட்டினால் 46.9 வருகிறதே, அது தவறு. இரண்டும் இருப்பவர்களை இரண்டு முறை எண்ணிவிடுகிறோம். இந்த அறையிலேயே அப்படி எத்தனை பேர் என்று கேட்டால் கை போதாது. பொதுவாக விழுபவர்களை ஒரு முறை கழிக்க வேண்டும். ஒரே ரசீதை இரண்டு லெட்ஜரில் எழுதினால் இருப்பு ஏறிவிடாது, அவ்வளவுதான்.

அடுத்தது, யாரில் எத்தனை பேர் என்ற கேள்வி. வங்கியில் நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்க வருவார்கள். 65 வயதில் ஒருவர் சொல்வார்: "சராசரி ஆயுள் 70 என்கிறான் பேப்பரில். எனக்கு இன்னும் அஞ்சு வருஷம். டெபாசிட்டை எல்லாம் உடைச்சுப் பசங்களுக்குப் பிரிச்சுடறேன்." அந்த 70 என்பது இன்று பிறக்கும் குழந்தைக்கான கணக்கு. முதல் வயதிலேயே இறக்கும் குழந்தை, சாலை விபத்தில் போகும் இளைஞர் எல்லாம் அந்தச் சராசரிக்குள் இருக்கிறார்கள். நீங்கள் அவற்றையெல்லாம் தாண்டி வந்துவிட்டீர்கள். இந்தியாவின் மாதிரிப் பதிவுத் திட்டம் வெளியிடும் ஆயுள் அட்டவணையைப் பார்த்தால், 60-ஐத் தொட்டவருக்குச் சராசரியாக இன்னும் சுமார் 18 ஆண்டுகள் இருக்கின்றன. 70 இல்லை, 78. "பிறந்தவர்களில்" என்பதும் "60-ஐத் தாண்டியவர்களில்" என்பதும் வேறு வேறு கூட்டம். புத்தகத்தில் இதற்கு நிபந்தனை நிகழ்தகவு என்று பெயர்.

கணவன் மனைவி இருவர் என்றால் கணக்கு இன்னும் நீளும். 'எய்தர் ஆர் சர்வைவர்' கணக்கு வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 60 வயதுக் கணவர் 80-ஐத் தொட 45 சதவீத வாய்ப்பு, மனைவிக்கு 55. இருவருமே இல்லாமல் போக வாய்ப்பு 0.55 பெருக்கல் 0.45, ஏறக்குறைய 25 சதவீதம். ஆக, இருவரில் ஒருவராவது 80-ல் இருக்க 75 சதவீதம். தனித்தனியாகப் பார்த்தால் பாதிக்குப் பாதி, சேர்த்துப் பார்த்தால் நாலில் மூன்று. பணம் அவ்வளவு காலம் வர வேண்டும். அப்படி மிஞ்சுபவர் பெரும்பாலும் அம்மாக்கள்தான் என்பதால், நாமினேஷன், பாஸ்புக், லாக்கர் சாவி எல்லாம் அவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

இப்போது நான் பெருக்கினேனே, அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒருவருக்கு நடப்பது மற்றவரைப் பாதிக்கக் கூடாது. தம்பதிகளில் அது முழுக்க உண்மையில்லை. துணை போன துக்கத்தில் மற்றவரும் சீக்கிரம் போவதை நாமே பார்த்திருக்கிறோம். தோராயக் கணக்கில் இதை விட்டுவிடலாம். விடக்கூடாத இடத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு வழக்கு இருக்கிறது.

சாலி கிளார்க் என்ற பெண் வழக்கறிஞர். அவருடைய இரண்டு கைக்குழந்தைகள், ஒன்று 1996-லும் மற்றது 1998-லும், திடீரென்று இறந்தன. தாயே கொன்றார் என்று வழக்கு. 1999-ல் விசாரணையில் சாட்சி சொன்ன குழந்தை மருத்துவ நிபுணர் ராய் மெடோ, இப்படிப்பட்ட வசதியான, புகைப்பழக்கம் இல்லாத குடும்பத்தில் குழந்தை காரணம் தெரியாமல் இறக்க வாய்ப்பு 8,543-ல் ஒன்று என்றார். இரண்டு குழந்தை என்றால் 8,543-ஐ அதே எண்ணால் பெருக்கு: சுமார் 7.3 கோடியில் ஒன்று. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7.21 கோடி. கேட்ட ஜூரி மலைத்துப் போயிருக்கும். ஆயுள் தண்டனை.

அந்தப் பெருக்கலே தவறு. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே வீடு. முதல் குழந்தைக்கு ஏதோ பரம்பரைக் குறை இருந்தால் இரண்டாவதற்கும் இருக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 7.3 கோடி என்பது சரி என்றே வைத்தாலும், அது அந்தத் தாய் நிரபராதியாக இருக்க உள்ள வாய்ப்பு ஆகாது. பெற்ற தாய் இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் அபூர்வத்திலும் அபூர்வம். நடந்தபின் இரண்டு அபூர்வங்களில் எது அதிக அபூர்வம் என்று ஒப்பிட வேண்டுமே தவிர, ஒன்றை மட்டும் நிறுத்துப் பார்க்கக் கூடாது. 2001-ல் அந்நாட்டின் ராயல் ஸ்டாடிஸ்டிகல் சொசைட்டி இந்தக் கணக்கைக் கண்டித்து அறிக்கை விட்டது. மறைக்கப்பட்டிருந்த ஓர் ஆய்வக முடிவு வெளிவந்து 2003-ல் அவர் விடுதலையானார். இந்தப் புள்ளிவிவரத்தின் மேலும் நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. மூன்று வருஷத்துக்கு மேல் சிறை. 2007-ல், 42 வயதில் இறந்துபோனார்.

நம் பேக்கேஜுக்கு வருவோம். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'இயல்பு அளவு' என்று இருக்கும். பல பரிசோதனைகளில் அந்த அளவை எப்படி வைக்கிறார்கள்? ஆரோக்கியமானவர்களை அளந்து, நடுவில் இருக்கும் 95 சதவீதம் பேரின் எல்லையை எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே நூற்றுக்கு 5 பேர் வெளியே விழுவார்கள். ஒரு பரிசோதனைக்கு இது சின்ன விஷயம். 20 பரிசோதனை செய்தால்? எல்லாமே இயல்பாக வர வாய்ப்பு 0.95-ஐ இருபது முறை பெருக்கினால் வரும் 36 சதவீதம். மீதி 64 சதவீதம் பேருக்கு, உடம்பில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், ஒரு வரியாவது தடித்த எழுத்தில் வரும். 60 பரிசோதனை என்றால் எல்லாம் சரியாக வருபவர்கள் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. (இங்கேயும் பெருக்கலுக்கு அந்த நிபந்தனை உண்டு. ஹீமோகுளோபின் குறைந்தால் கூடவே வேறு இரண்டும் குறையும். அதனால் நிஜத்தில் இவ்வளவு மோசமாக இருக்காது. ஆனால் போக்கு இதுதான்.)

எங்கள் பிளாக்கில் ஒருவர், பெயர் வேண்டாம், இப்படித்தான் ஒரு பேக்கேஜ் எடுத்தார். மூன்று வரி தடித்த எழுத்து. மூன்று ஸ்பெஷலிஸ்ட், ஒரு ஸ்கேன், ஒன்றரை மாதத் தூக்கம், கடைசியில் "ஒன்றுமில்லை, போங்கள்." ஒன்றுமில்லை என்பதில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். அந்த ஒன்றரை மாதம் அந்த அம்மா பட்ட பாடு ரிப்போர்ட்டில் இல்லை.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று. பெரியவர்கள் 1,000 பேர் இருக்கும் ஒரு குடியிருப்பில் 10 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. பரிசோதனை நல்ல பரிசோதனைதான்: நோய் உள்ள 10 பேரில் 9 பேரைப் பிடித்துவிடும். நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 9 பேரைத் தவறாகப் பிடிக்கும். எல்லோருக்கும் செய்கிறோம். நோயாளிகளில் 9 பேர் சிக்குகிறார்கள். நோயில்லாத 990 பேரில் 89 பேரும் சிக்குகிறார்கள். மொத்தம் 98 பேர் கையில் 'பாசிட்டிவ்' காகிதம். அதில் நிஜ நோயாளி 9 பேர். ஏறக்குறைய பதினொருவரில் ஒருவர்தான்!

நோய் இருந்தால் பாசிட்டிவ் வர 90 சதவீதம். பாசிட்டிவ் வந்தால் நோய் இருக்க 9 சதவீதம். இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துத்தான் ராத்திரி முழுக்க முழித்திருக்கிறோம்.

அதே பரிசோதனையை, அறிகுறி இருக்கிறது என்று டாக்டர் தேர்ந்தெடுத்து அனுப்பிய 1,000 பேருக்குச் செய்யுங்கள். அவர்களில் 200 பேருக்கு நோய் என்றால், பாசிட்டிவ் வருபவர்களில் 180 பேர் நிஜம், 72 பேர் பொய். நூற்றுக்கு 71 பேர் நிஜம். கருவி மாறவில்லை, ஆட்கள் கூட்டம்தான் மாறியது. டாக்டர் முதலில் "என்ன செய்கிறது, எத்தனை நாளாக" என்று கேட்பது நேரம் போக்க அல்ல.

வங்கியில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. நோட்டு எண்ணும் மெஷினில் புற ஊதா விளக்கு இருக்கும். நல்ல நோட்டின் தாள் அதில் பளிச்சென்று மின்னாது. மின்னினால் மெஷின் நின்று கத்தும். எங்கள் கிளையில் மெஷின் நிறுத்திய 500 ரூபாய் நோட்டுகளில் பெரும்பாலானவை கள்ள நோட்டு அல்ல, சட்டைப் பையோடு வாஷிங் மெஷினில் போய் வந்தவை. சோப்புத் தூளில் வெள்ளைக்காகச் சேர்க்கும் பொருள் தாளில் ஒட்டிக்கொண்டு மின்னும். கட்டியவரைப் பிடித்து போலீஸில் கொடுத்துவிடுவோமா? கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, நூலைப் பார்த்து, தடவிப் பார்த்துத்தான் சொல்வோம். இரண்டாவது சோதனை அதற்குத்தான். நம் 98 பேருக்கும் அதே தரத்தில் வேறு ஒரு பரிசோதனை செய்தால், நிஜத்தில் 8 பேரும் பொய்யில் 8 பேரும் மிஞ்சுவார்கள். ஒன்பது சதவீதம் பாதிக்குப் பாதியாகிவிடும். அதனால் முதல் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கலங்காதீர்கள். அதைக் குப்பையிலும் போடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சு வலி, பேச்சுக் குழறல் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, நேரே ஆஸ்பத்திரி.

தீர்மானத்தைப் பற்றி என் கருத்து. 64 பரிசோதனை பேக்கேஜ் வேண்டாம். அபூர்வமானவற்றைத் தேடி எல்லோரையும் சலிப்பதால் கிடைப்பது பெரும்பாலும் வாஷிங் மெஷின் நோட்டுகள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அப்படியல்ல. நூறு பெரியவர்களில் 35 பேருக்கு இருக்கும் ஒன்றைத் தேடினால், கிடைப்பது பெரும்பாலும் நிஜமாகவே இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது, செலவும் கம்மி. எனவே சங்கம் நல்ல டிஜிட்டல் ரத்த அழுத்தக் கருவி இரண்டும் ஒரு குளுக்கோமீட்டரும் வாங்கி கிளப் ஹவுஸில் வைக்கட்டும். மாதம் இரண்டு ஞாயிறு, ஒரு நர்ஸ் வரட்டும். ஒரு நாள் அளவை வைத்து முடிவு கட்டாமல், வேறு நாளிலும் எடுத்து, நோட்டில் குறித்து, தொடர்ந்து அதிகமாக இருந்தால் டாக்டரிடம் போகலாம். மற்றப் பரிசோதனைகளை அவரவர் டாக்டர் சொன்னால் செய்துகொள்ளலாம். சங்கத்தில் சிலர் இதை ஏற்கவில்லை. "இலவசமாகக் கிடைத்தால் ஒருவருக்காவது பயன்படாதா" என்கிறார்கள். படலாம். அந்த ஒருவருக்காக வீணாக அலையப் போகிறவர் எத்தனை பேர் என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு ஓட்டுப் போடலாம்.

பரிசோதனைப் பட்டியலின் நகல் செயலாளரிடம் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, நம் வயதுக்காரர் நூறு பேரில் எத்தனை பேருக்கு அந்தக் கோளாறு இருக்கும், நல்லவர்களில் எத்தனை பேருக்குத் தவறாக வரும் என்ற இரண்டு எண்களை எழுதித் தரும்படி லேபுக்குக் கடிதம் போயிருக்கிறது. பொதுக்குழுவுக்கு முன் பதில் வந்தால் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுகிறோம். சுண்டல் ஆறிப்போகிறது, கேள்விகளை அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.