பீட்சாவும் மாவின் பதமும்



புதிய ஊருக்குக் குடிபெயரும் தமிழர் முதலில் வினவுவன மூன்று. நல்ல தண்ணீர் கிடைக்குமா? பிள்ளைகளுக்குப் பள்ளி அருகில் உண்டா? வாய்க்குப் பிடித்த இட்லி எங்கே கிடைக்கும்? மாதுங்காவில் குடியேறியவரும், கரோல்பாகில் குடியேறியவரும், மல்லேசுவரத்தில் குடியேறியவரும் இவற்றையே கேட்டிருப்பர். சிக்கந்தராபாத்தில் குடியேறிய நாங்களும் கேட்டோம், விடையும் பெற்றோம். ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நான்காவதாக ஒரு வினாவை எழுப்பினார்கள். "இந்தப் பேட்டையில் நல்ல பீட்சா எந்தக் கடையில் கிடைக்கும்?" என்பதே அது. அதற்கு விடை தேடிய கதையை இன்று உங்களிடம் கூற விழைகின்றோம்.

நாங்கள் வசிப்பது மேற்கு மாரேட்பள்ளி. ஹைதராபாத்தின் இரட்டை நகராகிய சிக்கந்தராபாத்தில் தமிழ்க் குரல் நெடுங்காலமாகக் கேட்டுவரும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. நிஜாம் ஆங்கிலேயருடன் 1798ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்படிக்கையை ஒட்டி இங்கே படைமுகாம் அமைந்தது. 1806ஆம் ஆண்டில் சிக்கந்தர் ஜா என்னும் நிஜாமின் பெயரால் ஊருக்குச் சிக்கந்தராபாத் என்ற பெயர் ஏற்பட்டது. சென்னை மாகாணப் படையோடு தமிழரும் வந்தனர். பின்னர் ரயில்வேயும் அரசாங்க அலுவலகங்களும் மேலும் பலரை அழைத்து வந்தன. இன்று பத்மராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்குச் சென்றால், நாம் வேற்று மாநிலத்தில் இருக்கின்றோம் என்பதே சற்று மறந்துபோகும்.

எங்கள் இல்லத்தில் மூன்று தலைமுறையினர் இருக்கிறோம். அன்னையாருக்கு வயது 78. பேரனுக்குப் பதினொன்று. அவன் பள்ளியில் ஆங்கிலம் பேசுகிறான். விளையாட்டுத் தோழர்களிடம் தெலுங்கு பேசுகிறான். கடைத்தெருவில் ஹைதராபாத் இந்தி பேசுகிறான். தமிழ் அவனுக்கு விளங்கும், நாவில் வாராது. "சாப்பிட்டாயா, கண்ணா?" என்று பாட்டி கேட்பார். "ம்" என்று அவன் சொல்லுவான். அவ்விருவருக்கும் இடையே நாள்தோறும் நிகழ்ந்த உரையாடல் ஏறக்குறைய அவ்வளவே. அவன் இட்லியை ஒதுக்கிவிட்டுப் பீட்சா வேண்டும் என்று கேட்டபோது அன்னையாருக்கு மனம் நொந்தது. "பிள்ளை நம் கையைவிட்டுப் போய்விட்டான்" என்றார். அச்சொல் எங்களைச் சுட்டது. ஆகவே, பீட்சாவை வெறுப்பதற்கு முன்னர், அது யாது என்று அறிந்துகொள்ள முற்பட்டோம்.

இத்தாலி நாட்டில் நேப்பிள்ஸ் என்னும் துறைமுக நகரம் உண்டு. அந்நகரத்து ஏழைகள், தெருவில் நின்றபடியே வாங்கித் தின்ற மலிவான உணவு பீட்சா. அதன் மேற்பூச்சாகிய தக்காளியோ இத்தாலிக்கு உரியதன்று. 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது. நம் ரசத்தில் மிதக்கும் தக்காளிக்கும், குழம்பில் கொதிக்கும் மிளகாய்க்கும் பிறப்பிடம் அக்கண்டமே. 1889ஆம் ஆண்டில் மார்கரீட்டா என்னும் இத்தாலிய அரசிக்காகத் தக்காளி, பாலாடைக்கட்டி, பச்சிலை ஆகிய மூன்றை மட்டும் இட்டு ஒரு பீட்சா செய்தனர் என்றும், அதனாலேயே அவ்வகைக்கு அவர் பெயர் வந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. அப்பச்சிலை வேறெதுவுமன்று, நம் திருநீற்றுப் பச்சிலையின் இனமே. வேலை தேடி அமெரிக்கா சென்ற தென் இத்தாலியர் இவ்வுணவையும் உடன் கொண்டு சென்றனர். நாம் சென்ற ஊர்களுக்கெல்லாம் இட்லி கூடவே வரவில்லையா? 2017ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாக் கலையை யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

இந்தியாவில் பெருநிறுவனங்களின் பீட்சாக் கடைகள் திறக்கத் தொடங்கியது 1996ஆம் ஆண்டில். எனினும், மாவைப் புளிக்கவைத்துத் தட்டிக் கனன்ற அடுப்பில் சுடும் கலை ஹைதராபாத்துக்குப் புதியதன்று. பழைய நகரில் புரானி ஹவேலிப் பகுதியில் 1851ஆம் ஆண்டிலேயே 'முன்ஷி நான்' என்னும் கடை தொடங்கப்பெற்றது. அங்கே நான்கு மூலையுடைய நான், மண் அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுடப்பட்டது. ஈரான் நாட்டிலிருந்து வந்து குடியேறியோர் தேநீர்க் கடைகளைத் திறந்தனர். அத்தேநீருக்குத் துணையாக உஸ்மானியா பிஸ்கட் புகழ் பெற்றது. வந்தவர் கொண்டுவந்த உணவைத் தன்னதாக்கிக் கொள்ளும் ஊர் இது.

இவ்வளவும் அறிந்த பின்னர், பேட்டையில் நடந்து செல்லும் தொலைவில் உள்ள மூன்று கடைகளைத் தேர்ந்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகச் செல்வதென முடிவு செய்தோம். ஒரு விதியும் வகுத்தோம். எக்கடையிலும் மார்கரீட்டா வகையையே கேட்டல் வேண்டும். பன்னீர், சோளம், காளான் முதலியன கூடா. பிள்ளைகள் முணுமுணுத்தனர். உணவு விடுதியைச் சோதிக்க விரும்புவோர் நெய் ரோஸ்ட்டைக் கேட்பதில்லை. வெறும் இட்லியைக் கேட்கின்றனர். நெய் பல குற்றங்களை மறைத்துவிடும். இட்லியால் எதையும் மறைக்க இயலாது என்று விளக்கினோம்.

முதற்கடையில் விளக்குகள் மிகுதி, பெட்டியும் அழகு. ஆனால் அடிப்பாகம் பஞ்சு போல் இருந்தது. தக்காளிச் சாற்றில் சர்க்கரை முந்தி நின்றது. இரண்டாம் கடையில் பாலாடைக்கட்டி வாரி வழங்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் ஆரவாரித்தனர். கட்டியை விலக்கிப் பார்த்தால், கீழே மாவு வேகாமல் வெளுத்துக் கிடந்தது.

மூன்றாம் ஞாயிறன்று ஸ்கந்தகிரி முருகனைத் தரிசித்துவிட்டுத் திரும்பினோம். ஆதலின் அன்னையாரும் உடன் இருந்தார். சந்து ஒன்றில் ஆறு நாற்காலிகளே உடைய சிறு கடை. உள்ளே செங்கல் அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. கடைக்காரர் ஒரு தெலுங்கு இளைஞர். நேப்பிள்ஸ் முறைப்படி அடுப்பின் வெப்பம் 430 முதல் 480 பாகை செல்சியஸ் வரை இருத்தல் வேண்டும். அவ்வெப்பத்தில் பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடும். வீட்டு மின்னடுப்பு 250 பாகையைத் தாண்டுவது அரிது. குறைந்த வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் மாவின் ஈரம் வற்றி ரொட்டி வறண்டுவிடும். மிகுந்த வெப்பம் வெளிப்புறத்தைச் சட்டெனச் சுட்டு உள்ளீரத்தைக் காத்துவிடுகிறது. இவற்றையெல்லாம் அவ்விளைஞர் எங்களுக்குப் பொறுமையோடு எடுத்துரைத்தார்.

பீட்சா மேசைக்கு வந்தது. ஓரம் உப்பி, ஆங்காங்கே கரும்புள்ளிகளோடு இருந்தது. அன்னையார் உண்ண மறுத்தார். ஆயினும் ஓரத்தைப் பிட்டு விரலால் அழுத்திப் பார்த்தார். உள்ளே தேன்கூடு போன்ற துளைகள். முகர்ந்தார். "இந்த மாவு இராப் பொழுது முழுவதும் ஊறியிருக்கிறது. புளிப்பு மிஞ்சவில்லை. பதமாய்ப் பொங்கியிருக்கிறது" என்றார். மொழி பெயர்த்துச் சொன்னோம். கடைக்காரர் வியந்துபோனார். முந்தின நாளே மாவைப் பிசைந்துவிடுவாராம். மே மாதத்தில் இவ்வூர் வெயில் 40 பாகையைத் தாண்டும்போது மாவு விரைவில் புளித்துவிடுமாதலால் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பாராம். "இட்லி மாவுக்கும் கோடையில் அதே தொல்லைதான், மார்கழியில் பொங்கவே பொங்காது" என்றார் அன்னையார். பின்னர்த் தாமாகவே ஒரு துண்டை எடுத்து உண்டார்.

அப்போது பேரன் வாய் திறந்தான். "பாட்டி, பதம் என்றால் என்ன?" என்று தமிழிலேயே கேட்டான். தான் அறிந்த மூன்று மொழிகளிலும் அதற்கு நிகரான சொல்லைத் தேடினான், கிட்டவில்லை. நாங்களும் தேடித் தோற்றோம். "சொன்னால் தெரியாது, கண்ணா. நாளைக்கு மாவு அரைக்கும்போது வா, காட்டுகிறேன்" என்றார் பாட்டி.

மறுநாள் அவன் சமையலறைக்குச் சென்றான். உளுந்து பந்தாய்த் திரளுவதும், உப்பிட்டுக் கையால் கலப்பதும், விடியற்காலையில் மாவு பாத்திரத்தின் விளிம்புவரை எழும்புவதும் கண்டான். அன்று முதல் பொங்கல், புளிப்பு, பதம் ஆகிய மூன்று சொற்கள் அவன் நாவில் ஏறின. அவற்றின் பின்னே வேறு சொற்களும் ஒவ்வொன்றாய் வருகின்றன. இன்றைக்கும் அவன் இட்லியை விரும்பி உண்கிறான் என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் "மாவு பொங்கிற்றா, பாட்டி?" என்று காலையில் கேட்காமல் பள்ளிக்குச் செல்வதில்லை.

கடையின் பெயரை வானொலியில் கூறுதல் முறையன்று. கூறினாலும் பிற ஊர்களில் வாழும் உங்களுக்கு அதனால் பயனில்லை. உங்கள் பேட்டையில் நீங்களே தேடலாம். வெறும் மார்கரீட்டாவைக் கேளுங்கள். அடியைத் திருப்பிப் பாருங்கள். வெளுத்திருந்தால் அடுப்பில் சூடு போதவில்லை. ஓரத்தைப் பிட்டுப் பாருங்கள். துளைகள் இல்லையேல் மாவு ஊறவில்லை. தக்காளி இனிப்பதற்கு முன் புளிக்க வேண்டும். பெட்டியில் அடைத்தால் ஆவி பட்டு ரொட்டி துவண்டுவிடும். ஆதலின் கடையிலேயே அமர்ந்து உண்ணுங்கள்.

செல்லும்போது வீட்டுப் பெரியவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் பீட்சாவை அறியாதவர்களாய் இருக்கலாம், மாவை அறிந்தவர்கள். அவ்வறிவைப் பேரக் குழந்தைகள் கேட்டறிவதற்கு ஒரு வாய்ப்பு வேண்டும். எங்களுக்கு அது ஒரு சந்துக் கடையில் வாய்த்தது. உங்களுக்கும் வாய்க்கட்டும்.