குறிப்பை மூடுங்கள், நூலைத் திறவுங்கள்



க.பொ.த. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் வேறு. கலைப்பிரிவில் பிரதான பாடமாக எடுக்கும் ஆங்கில இலக்கியம் வேறு. முதலாவது இஸட் புள்ளியில் சேராது, இரண்டாவது சேரும். இன்று இரண்டாவதைப் பற்றித்தான் பேசுகிறோம்.

ஒரு தவறை ஒப்புக்கொள்கிறோம். போன வருடம் பிள்ளைகளுக்குக் கதைச்சுருக்கக் குறிப்புகளை அச்சடித்துக் கொடுத்தோம். மனனம் செய்தார்கள். ஒரு மகள், தான் எழுதிய விடையைப் பிறகு சொல்லிக் காட்டினார். முழுக்கக் கதை. வினாவோ, கதை எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்பது. அவருக்குச் சாதாரண சித்திதான் கிடைத்தது.

ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தைப் பாருங்கள். முதற்காட்சி முழுக்க அவனைப் பற்றிய பேச்சுத்தான். ஆனால் ஒருவரும் அவன் பெயரைச் சொல்வதில்லை; 'மூர்' என்கிறார்கள். நமது பிறப்புச் சான்றிதழில் 'சோனகர்' என்பதற்கு ஆங்கிலத்தில் வரும் அதே சொல்; போர்த்துக்கேயர் நமக்கு இட்ட பெயரின் வழி வந்தது. ஆளைக் காணுமுன்பே பெயரைப் பறித்துவிட்டால், பார்ப்பவர் மனதில் என்ன ஆகிறது? அதை எழுத வேண்டும். சுருக்கத்தில் அது இருக்காது.

மத்ரஸாவில் கிதாப் ஓதிய காலத்தில் உஸ்தாத் ஒரு சொல்லில் நிறுத்தி, "ஏன் இந்தச் சொல்?" என்று கேட்பார். அரை மணித்தியாலம் போய்விடும். அன்று சலித்துக்கொண்டோம்.

இம்முறை அந்தப் பணத்தில் மூல நூல்களையே வாங்கியிருக்கிறோம். பென்சிலால் கோடிடுங்கள், அழுக்காகட்டும். வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பின் கூடியிருந்து வாசிப்போம். பெற்றோரே, அந்த இரண்டு மணித்தியாலம் மட்டும் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள்.