நிற்கிறவனுக்கு ஓர் ஆசனம்

(புதுச்சேரியில் ஜவுளி வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வணிகப் பெருமக்களே, வாலிபச் சகோதரர்களே! பெருநாள் வியாபாரத்துக்குச் சரக்கு இறக்குகிற நேரத்தில் உங்களை அழைத்து உட்கார வைத்திருக்கிறோம். நான் பேசப்போவதும் உட்காருவதைப் பற்றித்தான்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரர்கள் கடலூர் சாலை மாலைப் பற்றியும், பல மாடி ஜவுளி மாளிகைகளைப் பற்றியும் வேதனைப்பட்டார்கள். நியாயமான வேதனைதான். அவர்கள் லாரி லாரியாகக் கொள்முதல் செய்யும் விலைக்கு நாம் வாங்க முடியாது. குளிர்சாதனம், நகரும் படிக்கட்டு, வண்டி நிறுத்த இடம், இதிலெல்லாம் நேரு வீதியின் பத்தடிக் கடை போட்டி போட முடியுமா? முடியாது. அதை விடுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்தப் பெரிய கடைக்கும் நம் சின்னக் கடைக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டிலும் துணி எடுத்துப் போடுகிற பிள்ளை காலையில் நின்றால் இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்கிறான்.

மதரஸாவில் ஓதிய காலத்தில், ரமழான் விடுமுறையில் ஒரு ஜவுளிக்கடையில் நானும் நின்றிருக்கிறேன். நோன்பு வைத்த வயிறு வலிக்கவில்லை, கெண்டைக்கால்தான் வலித்தது. கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் துணிக்கட்டின் மீது சற்றுச் சாய்ந்தேன். கல்லாவிலிருந்து ஒரு கனைப்பு வந்தது. அவ்வளவுதான், நிமிர்ந்துவிட்டேன். அந்த முதலாளி கெட்டவர் அல்லர். ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவர். வேலைக்காரன் உட்காருவது அவர் கண்ணுக்குக் குற்றமாகத் தெரிந்தது, அதுதான் சங்கதி.

இது எந்த ஊர் என்பதை மறந்துவிடாதீர்கள். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் நெசவாலைத் தொழிலாளர் 12 பேர் இந்தப் புதுவை மண்ணில் சாய்ந்தார்கள். மறு ஆண்டே 8 மணி நேர வேலை சட்டமானது. துணி நெய்தவன் உயிர் கொடுத்து வாங்கிய அந்த உரிமை, துணி விற்கிறவனுக்கு வந்து சேர்ந்ததா? 1898-ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலை 2020-ல் மூடப்பட்டுவிட்டது. ஆலைக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளைகள்தான் இன்று ஜவுளிக்கடை வாசலில் வேலை கேட்டு நிற்கிறார்கள்.

கோழிக்கோட்டில் நம்மவர் வணிகம் செழித்த மிட்டாய்த் தெருவைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தத் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை. அதன் பிறகுதான் இருக்கை. ‘பெண்கூட்டு’ என்று அமைப்பாகத் திரண்டு போராடினார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் தன் கடைகள் சட்டத்தில் ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்று சேர்த்தது. அந்தச் சட்டம் கோரிமேடு எல்லையோடு நின்றுவிடும், நமக்குத் தனிச் சட்டமன்றம் அல்லவா! (சினிமாக்காரர்கள் 2010-லேயே ‘அங்காடித் தெரு’ என்று இந்தத் துயரத்தைத் திரையில் காட்டிவிட்டார்கள். மிம்பரில் நிற்கும் நாங்கள்தான் தாமதம்.)

“ஸ்டூல் போட்டால் பையன் சோம்பேறியாகிவிடுவான், ஹஜ்ரத், வாடிக்கையாளருக்கும் மரியாதைக் குறைவு” என்கிறார்கள். உங்கள் பாட்டனார் கடையை நினைத்துப் பாருங்கள். தரையில் மெத்தை போட்டு, வெள்ளை விரித்து, முதலாளி, குமாஸ்தா, வாங்க வந்தவர் மூவரும் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் பட்டு விரித்தார்கள், கைலி விரித்தார்கள். யாருக்கு மரியாதை குறைந்தது? கண்ணாடிக் கவுண்டர் வந்த பிறகல்லவா விற்கிறவன் எழுந்து நின்றான்!

வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபிகளாரின் உம்மத் நாம். கூலி கொடுக்கிறீர்கள், மறுக்கவில்லை. அந்த வியர்வை எதனால் வந்தது என்றும் கொஞ்சம் பாருங்கள்.

மால்காரர்களிடம் நம் கோரிக்கை மனு போய்ச் சேரும்போது, “உங்கள் கடையில் போட்டிருக்கிறீர்களா?” என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இளைஞர்களே, வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் பத்துப் பேர் என்னோடு வாருங்கள். காந்தி வீதியில் தொடங்கி நம்மவர் ஜவுளிக்கடை ஒவ்வொன்றாக ஏறுவோம். எந்தக் கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை ஸ்டூல் கிடக்கிறது என்று நோட்டில் எழுதுவோம். ஸ்டூல் வாங்க வசதியில்லை என்கிற கடைக்கு நாமே வசூலித்துப் போடுவோம். முதல் ஸ்டூலுக்கான பணம் இதோ, என் சட்டைப்பையில் இருக்கிறது.