புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு நேரிலும் செல்போனிலும் பயிற்சி
(யூபிலி விழா மருத்துவ அரங்கில் ஆற்றிய உரை)

 

வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியை நீங்கள் அறிவீர்கள். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் மருந்து அச்செடியிலிருந்து கிடைப்பதே. (அதற்காகச் செடியைப் பிடுங்கிக் கஷாயம் வைத்துவிடாதீர்கள், அது நஞ்சு!) உயிர் காக்கும் இம்மருந்து நரம்புகளையும் தாக்கக்கூடும். நீளமான நரம்பு காலுக்குப் போவதால் பாதம் முதலில் தளர்கிறது. பிள்ளை நடக்கையில் முன்பாதம் தரையில் தேயும். செருப்பு கழன்று விழும். தறியில் மிதி மிதிக்கும் உங்களுக்குக் கணுக்காலின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

மருந்தோடு மறுவாழ்வும் சிகிச்சையே என்று 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் கண்டவர், தாமே சக்கர நாற்காலியில் இருந்த டாக்டர் மேரி வர்கீஸ். ஆனால் இயன்முறைப் பயிற்சியை அன்றாடம் செய்தாக வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையோ இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். இங்கிருந்து ஆரணி, அங்கிருந்து வேலூர் என்று பஸ் மாறிப் போனால் அன்றைய நெசவுக் கூலி போயிற்று. ஊசி போடும் நாளைத் தவறவிடாத பெற்றோரும் பயிற்சி நாளை விட்டுவிட்டால், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவேதான் இரண்டையும் இணைக்கச் சொல்கிறோம். முதல் சந்திப்பு நேரில் நடக்கட்டும். தசையின் பலத்தைக் கைவைத்து அழுத்தித்தான் அறிய முடியும். செல்போனுக்குக் கை கிடையாது. ஊசிக்குப் போகும் அன்றே இயன்முறை மருத்துவரையும் பார்த்துவிடலாம். இடைப்பட்ட வாரங்களில் வீடியோ அழைப்பு போதும்.

வீடியோவில் பெற்றோர் பிள்ளையின் முகத்தைத்தான் காட்டுகிறார்கள். எங்களுக்கு வேண்டியது கால்! செல்போனைத் தரையருகே வைத்து, முழங்கால் தெரிய உடையை மடித்துவிட்டு, பக்கவாட்டில் நடக்கவிடுங்கள். பிறகு காலை நீட்டி உட்காரவைத்து, பாதத்தில் துண்டை மாட்டித் தன் பக்கம் மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். ஆடுசதை இறுகாமலிருக்க இது உதவும்.

காய்ச்சலோ மூச்சிரைப்போ இருந்தால், அல்லது இரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தால், பயிற்சியை நிறுத்தி மருத்துவமனைக்கு உடனே சொல்லுங்கள். நடை திடீரென மோசமானால் வீடியோவை நம்பாமல் நேரில் போங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தரவும் வழியுண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அவர் வரும் நேரத்தில் வேலூர் மருத்துவரை வீடியோவில் அழையுங்கள். அங்கிருப்பவர் சொல்லச் சொல்ல, இங்கிருப்பவர் பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்ப்பார்.